படத்தில் ஒரு கறை

மருத்துவமனையில் அவருக்கு மூச்சுக்காரர் என்று பெயர். பெயர் வைத்த புண்ணியவான் யார் என்று தெரியாது. காரணம் மட்டும் வாசலில் நிற்கும் காவலாளி வரைக்கும் தெரியும். இதய எம்.ஆர்.ஐ. எடுக்கும் அறையில் இருபத்திரண்டு வருஷமாக அவர் வேலை பார்க்கிறார். வேலை பார்க்கிறார் என்பதைவிடப் பேசுகிறார் என்று சொல்வதுதான் பொருத்தம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, மைக் பொத்தானை அழுத்தி, "மூச்சை இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க... அசையாதீங்க... ம், இப்ப மூச்சு விடலாம்" என்று ஓர் ஆளுக்கு நாற்பது தடவையாவது சொல்ல வேண்டும். இதயம் துடிப்பதை நிறுத்த முடியாது. மூச்சையாவது நிறுத்தினால்தான் படம் கலங்காமல் விழும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நெஞ்சில் ஒயர்களும் காதில் ஹெட்ஃபோனுமாக, குளிரில், குழாய்க்குள் படுத்திருப்பவருக்கு அந்த ஒரு மணி நேரமும் துணை அவருடைய குரல் ஒன்றுதான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கூத்து உண்டு. இதயம் நன்றாக இருப்பவன் அரை நிமிஷம் மூச்சை அடக்கச் சொன்னால் அலட்டிக்கொள்ளாமல் அடக்குவான். அவனுக்கு இந்த ஸ்கேனே தேவையில்லை. தேவைப்படுகிறவனுக்கோ பத்து எண்ணுவதற்குள் மூச்சு முட்டும். படம் கலங்கும். மறுபடியும் முதலிலிருந்து. இப்படி யோசித்துச் செய்தவர்களை ஒரு நாள் அந்தக் குழாய்க்குள் படுக்கவைத்து நாற்பது தடவை நிறுத்தச் சொல்ல வேண்டும் என்று மூச்சுக்காரருக்கு ரொம்ப நாள் ஆசை.

அந்த மாதம் அவர் மனசைப் போட்டு அரித்தவர் ஒரு பஸ் டிரைவர். ஓய்வு பெற்றவர், வீங்கிய கால்கள். இரண்டு தடவை வந்தார், இரண்டு தடவையும் பாதியில் கையிலிருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டார். வெளியே எடுங்கள் என்று அர்த்தம். படம் இல்லாமல் ஆபரேஷனா மாத்திரையா என்று டாக்டரால் முடிவு செய்ய முடியவில்லை.

"முப்பத்தஞ்சு வருஷம் பஸ் ஓட்டினேன் சார். ஒரு தடவைகூட பாதி வழியில எறக்கி விட்டதில்ல யாரையும்," என்று சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னார். மூச்சுக்காரருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சாப்பாடு இறங்கினாலும் இறங்காவிட்டாலும் வீட்டில் கேட்க ஆள் கிடையாது. அவர் மனைவி மகளின் பிரசவத்துக்காகக் கடல் தாண்டிப் போனாள். ஆறு மாதம் என்றுதான் பேச்சு. குழந்தை தவழட்டும் என்றார்கள், நடக்கட்டும் என்றார்கள், நடந்து முடிப்பதற்குள் அடுத்த குழந்தை வந்துவிட்டது. மூன்று வருஷம் ஆகிவிட்டது. சண்டை கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. வாரத்துக்கு மூன்று தடவை போனில் பேசுவார்கள். அவள் "எப்படி இருக்கீங்க?" என்பாள். அவர் "எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன்" என்பார்.

ராஜா வேலை முடிந்து வந்ததும் டிவியைப் போடுவார், பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் ஒரு சத்தம் இருக்கட்டும் என்று. அப்புறம் இரண்டு பேருக்குச் சமைப்பார், ஒருவருக்கு அளவு தெரியாது. குக்கர் விசில் அடித்தால், "போதும், நிறுத்துங்க" என்று அதனிடம் சொல்வார். நோயாளிகள் அளவுக்கு அது சொன்ன பேச்சைக் கேட்காது. வா என்று மனைவியிடம் அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மகள் என்ன நினைப்பாள், மாப்பிள்ளை என்ன நினைப்பார் என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொள்வார். நிஜமான காரணம் வேறு. கூப்பிட்டு, அவள் வரவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? கேட்காதவரைக்கும் அந்தப் பதில் வராது அல்லவா.

இந்த நிலையில்தான் புது மென்பொருள் வந்தது. மூச்சை அடக்கவே வேண்டாம், நோயாளி தன்பாட்டில் மூச்சு விட்டுக்கொண்டு படுத்திருக்கலாம், ஒரு மணி நேர வேலை பன்னிரண்டு நிமிஷத்தில் முடியும், கலங்கிய படத்தைக் கம்ப்யூட்டரே சேர்த்துத் தெளிவாக்கிவிடும் என்றார்கள். மூச்சுக்காரர் நம்பவில்லை. ஆனால் பஸ் டிரைவரை நினைத்தார், பல்லைக் கடித்துக்கொண்டு நம்பினார்.

அதைப் பொருத்திச் சரிசெய்ய ஒரு பெண் என்ஜினியர் மூன்று வாரத்துக்கு வந்தாள். நாற்பது வயது இருக்கும். பேச்சில் சிக்கனம், டீயில் ஊதாரி. நோயாளிகள் போன பிறகு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் இயந்திரம் அவளுக்குக் கிடைக்கும். சோதித்துப் பார்க்க ஆரோக்கியமான ஓர் ஆள் தினமும் உள்ளே படுக்க வேண்டும். நர்ஸுக்குப் பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து வருகிற நேரம். மற்றவர்களுக்கு பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். எல்லோருக்கும் போக ஓர் இடம் இருந்தது.

"நான் படுத்துக்கிறேன்மா," என்றார் மூச்சுக்காரர்.

ஒரு படிவம் கொடுத்தாள். நெஞ்சுவலி வந்ததுண்டா? இல்லை. மூச்சுத்திணறல்? இல்லை. எப்போதாவது மயக்கம்? இல்லை. நோயாளிகளிடம் ஆயிரம் தடவை வாங்கிய படிவம், கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்தார்.

முதல் நாள் உள்ளே போனபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அந்தக் குழாயை உள்ளேயிருந்து பார்த்ததில்லை. கூரை மூக்குக்கு ஒரு சாண் மேலே இருந்தது. இயந்திரம் தட்டத் தொடங்கியது. அப்போது ஹெட்ஃபோனில் குரல் வந்தது.

"சார், நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன்மா."

"குளிருதா? போர்வை போடவா?"

குளிரவில்லை. ஆனால் அவர் குளிருகிறது என்றார். அவள் உள்ளே வந்து போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுப் போனாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குரல் வந்தது. நல்லா இருக்கீங்களா சார்? கை மரத்துப்போச்சா? இன்னும் கொஞ்சம்தான். தான் தினமும் ஊருக்கெல்லாம் கேட்கிற அதே கேள்விகள். அவற்றை யாராவது தன்னிடம் கேட்டு எவ்வளவு நாளாயிற்று என்று குழாய்க்குள் படுத்துக்கொண்டு யோசித்தார். கண் ஓரத்தில் ஈரம் வந்தது. துடைக்கக் கையைத் தூக்கினால் படம் கெடும் என்பதால் அப்படியே விட்டுவிட்டார்.

படம் கெட்டுத்தான் இருந்தது. அதற்குக் கண்ணீர் காரணமில்லை. இதயம் திரையில் சுருங்கி விரிந்தது. எல்லாப் பக்கமும் தெளிவு. கீழ்ப்பக்கச் சுவரில் மட்டும் நகத்தளவு இடம் மங்கி, மற்ற இடங்களோடு சேர்ந்து அசையாமல் சும்மா நின்றது.

"கறை விழுது," என்றாள் என்ஜினியர். "சேர்த்துத் தைக்கிற எடத்துல கணக்கு எங்கயோ தப்புது."

"பழைய முறையில ஒரு தடவை எடுத்து ஒப்பிட்டுப் பாத்தா என்ன?"

"அது கடைசி வாரத்துல சார். மொதல்ல படம் சுத்தமாகட்டும். அழுக்குப் படத்த வெச்சு எதோட ஒப்பிடறது?"

அதுதான் அவர்கள் வழக்கம். அவரும் சரி என்றுவிட்டார். அன்றிலிருந்து இருவரும் அந்தக் கறையை விரட்ட ஆரம்பித்தார்கள். அவள் ஒவ்வொரு நாளும் ஏதோ ஓர் அளவை மாற்றுவாள், அவர் உள்ளே போவார், வெளியே வருவார், இருவரும் திரைக்கு முன்னால் நின்று உதட்டைப் பிதுக்குவார்கள். இதய டாக்டர் ஒரு நாள் எட்டிப் பார்த்து, "இன்னுமா? சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க. மூணு வாரத்துல ஆகலைன்னா பெட்டிய கட்டிக்கிட்டுக் கெளம்பச் சொல்லிட்டாங்க மேல," என்று சொல்லிவிட்டுப் போனார். பத்து நாளில் கறை கொஞ்சம் மங்கியது. பன்னிரண்டாம் நாள் இன்னும் மங்கியது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும் என்கிற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மூச்சுக்காரருக்கு உள்ளூர ஒரு வருத்தமும் இருந்தது. கறை போய்விட்டால் இவளும் போய்விடுவாள். அப்புறம் சாயங்காலம் ஐந்து மணிக்கு நேரே டிவிதான்.

பதினான்காம் நாள் அவருக்கு ஜலதோஷம். படுத்தால் இருமல். இருமினால் எந்தக் கணக்கும் தாங்காது. நர்ஸ் அலுத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுப் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு உள்ளே படுத்தாள்.

படம் பளிங்கு மாதிரி வந்தது. கறை மருந்துக்குக்கூட இல்லை.

"ஆச்சு!" என்று என்ஜினியர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள். "நேத்து மாத்தினது வேலை செஞ்சிருச்சு சார்!" நர்ஸ் வெளியே வந்து, "எனக்கு எவ்வளவு அழகான இதயம் பாருங்கண்ணே, வீட்டுக்காரர்கிட்ட காட்டணும்," என்று திரையைப் போனில் படம் எடுத்தாள். டீ வந்தது. டாக்டருக்குத் தகவல் போனது. பெண்கள் இருவரும் சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனார்கள்.

மூச்சுக்காரர் மட்டும் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ ஆறி ஆடை கட்டியது. எதுவோ உறுத்தியது. அவர் கணக்குப் படித்தவர் இல்லை, ஆனால் ஓர் அளவை மாற்றினால் கறை மங்கும், ஒரே நாளில் இப்படித் துடைத்துப்போட்ட மாதிரி போகாது என்பது தெரியும். நர்ஸின் ஸ்கேனை எடுத்து, முதல் நாள் அளவுகளை வைத்து மறுபடி ஓட்டிப் பார்த்தார். கோளாறு மென்பொருளில் என்றால் கறை விழ வேண்டும்.

விழவில்லை. அதே பளிங்கு.

பிறகு தன்னுடைய முதல் நாள் ஸ்கேனை எடுத்தார். அதில் கறை இருந்தது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள், முதல் நாள் அளவுகளில் ஓட்டினால் எல்லாவற்றிலும் அதே இடம், அதே நகத்தளவு. மென்பொருள் வந்து இரண்டு வாரம்தான், கறை அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. இரண்டு வாரமாக இரண்டு கெட்டிக்காரர்கள் சேர்ந்து அவருடைய இதயத்தைக் கம்ப்யூட்டரில் ரிப்பேர் செய்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தக் கறைக்குப் பெயர் உண்டு. வேறு யார் படத்திலாவது பார்த்திருந்தால் அரை நொடியில் சொல்லியிருப்பார். எப்போதோ ரத்தம் போகாமல் செத்துப்போன சதை. சத்தமில்லாமல் வந்துபோன மாரடைப்பு விட்டுவிட்டுப் போன வடு.

எப்போது என்பதும் ஞாபகம் வந்தது. போன வருஷம், பேரனுடைய பிறந்தநாள். மேல்வயிற்றில் கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்தது. வியர்த்துக் கொட்டியது. வாயுத் தொல்லை என்று வெந்நீர் குடித்துவிட்டு சமையலறைத் தரையிலேயே படுத்துக்கிடந்தார். எழுந்து கட்டிலுக்குப் போக முடியவில்லை. அப்போது மனைவி போன் செய்தாள், கேக் வெட்டுகிறார்கள் பாருங்கள் என்று. அவர் தரையில் படுத்தபடியே போனை முகத்துக்கு நேராகப் பிடித்து, பேரனுக்கு இன்னொரு கையை ஆட்டினார்.

இப்போது அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரத்தான் செய்தது. ஆனால் அதற்கும் முன்னால், ஒரு கணம், சந்தோஷம் வந்தது. இனி அவள் வந்துதான் ஆக வேண்டும்! நெஞ்சில் வடு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த விமானத்தில் வந்து நிற்பாள். கூப்பிடக்கூட வேண்டாம். இந்த நினைப்பு வந்ததும் மூச்சுக்காரருக்குத் தன்மேலேயே அசிங்கமாகிவிட்டது. கட்டின பெண்டாட்டியை வீட்டுக்கு வரவழைக்க மாரடைப்பு வேண்டியிருக்கிறது, அதற்குச் சந்தோஷம் வேறு. தூ என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் காலையில் என்ஜினியரிடம் சொன்னார். சொல்லாமல் விட வழியில்லை. கடைசியாக வைத்த அளவுகளின்படி விட்டுவிட்டால், நாளைக்கு வருகிறவர்களின் வடுவையும் அது இதேபோல அழகாகத் துடைத்துவிடும்.

"அது படத்துல விழுந்த கறை இல்லம்மா. நான்தான்." படங்களை வரிசையாக வைத்துக் காட்டினார்.

அவளுக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. "ரெண்டு வாரமா நான்... அத அழிக்க..." என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. அப்புறம், "சார், நீங்க மொதல்ல உக்காருங்க," என்றாள். அவர் ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்.

அளவுகளை முதல் நாளுக்கே திருப்பினாள். அன்றைக்கே பழைய முறையில், சாயம் ஏற்றி, மூச்சை அடக்கவைத்து, அவருக்கு முழு ஸ்கேன். இந்தத் தடவை மைக்கில் அவள் சொன்னாள், அவர் நிறுத்தினார், நாற்பது தடவை. பழைய முறை, புது முறை இரண்டும் அச்சாக ஒன்றையே காட்டின. புது முறை பொய் சொல்லவில்லை, அது முதல் நாளிலேயே உண்மையைச் சொல்லியிருந்தது. டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு முதல் தடவையாக அவரைத் தோளில் தொட்டார்.

"பயப்படறதுக்கு இல்ல. ஆனா தள்ளிப்போடவும் கூடாது. அடுத்த வாரம் ஆஞ்சியோ பண்ணி எங்க அடைப்புன்னு பாத்துருவோம். கூட ஒருத்தர் இருக்கணும். வீட்ல யாரு இருக்கா?"

"இருக்காங்க சார்," என்றார் மூச்சுக்காரர். எங்கே என்று டாக்டர் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பஸ் டிரைவர் வந்தார். பந்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு சண்டைக்குப் போகிற மாதிரி படுத்தார். "ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா படுத்திருங்க," என்று மூச்சுக்காரர் ஒரே ஒரு தடவை மைக்கில் சொன்னார். அதற்குப் பிறகு சொல்ல எதுவும் இல்லை. பன்னிரண்டு நிமிஷம். வெளியே இழுத்தபோது மனுஷன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்று எழுந்து உட்கார்ந்து கேட்டார். "இதுக்கா ரெண்டு மாசமா என்னை அலைக்கழிச்சீங்க?"

மூச்சுக்காரர் சிரித்தார். அன்றைக்கு ஐந்து பேருக்குப் பதிலாகப் பதினெட்டுப் பேர் வந்து போனார்கள். ஒருவருக்கும் அவருடைய குரல் தேவைப்படவில்லை. நல்லதுதான், அவர்களுக்கு நல்லதுதான் என்று வீடுவரைக்கும் சொல்லிக்கொண்டே நடந்தார். என்ஜினியர் அன்று மாலை பெட்டியைக் கட்டிவிட்டாள். ஆஞ்சியோ முடிந்ததும் கட்டாயம் போன் பண்ணச் சொன்னாள்.

சனிக்கிழமை முழுக்க ஒரே யோசனை. வடுவைச் சொன்னால் அவள் வருவாள், சந்தேகமே இல்லை. ஆனால் வடுவுக்காக வருவாள். தன்னோடு இருக்க வருவாளா என்பது பிறகு எந்தக் காலத்திலும் தெரியாமலே போய்விடும். முதலில் அதைக் கேட்க வேண்டும், நெஞ்சு விஷயம் அப்புறம் என்று முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் போட்டார். அங்கே அப்போது காலை.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"சும்மாதான்." சொன்ன வாயை உடனே திட்டிக்கொண்டார். "சும்மா இல்ல. நீ வந்துடு."

"எங்க?"

"எங்கயா? நம்ம வீட்டுக்கு."

அந்தப் பக்கம் சின்னப் பேத்தி எதையோ கீழே போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு வேறு அறைக்குப் போவது கேட்டது.

"உடம்புக்கு ஏதாவது..."

"உடம்ப விடு. என்னால தனியா இருக்க முடியல. மூணு வருஷமாவே முடியல. ராஜா மாதிரி இருக்கேன்னு சொன்னதெல்லாம் பொய்."

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"இத மொத வருஷமே சொல்லியிருக்கலாம்ல," என்றாள் அவள். "மொத வருஷம் பூரா பெட்டியக் கட்டிலுக்கு அடியிலயே வெச்சிருந்தேன். துணிய எடுத்து அலமாரில அடுக்கவே இல்ல, நீங்க கூப்பிட்டா ஒடனே கெளம்பணுமேன்னு. நம்ம பொண்ணுகூடக் கேலி பண்ணுவா. நீங்க கூப்பிடவே இல்ல. சரி, இவருக்கு நாம இல்லாதது ஒரு பொருட்டாவே தெரியல போலன்னு, ஒரு நாள் எல்லாத்தையும் எடுத்து அடுக்கிட்டேன்."

"உன்னைத் தொந்தரவு பண்ண வேணாம்னுதான்..."

"பண்ணியிருக்கலாம்," என்றாள்.

அவள்தான் மறுபடி பேசினாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வீட்டுக்காரியின் பழைய குரலில்.

"இப்ப திடீர்னு கெளம்ப முடியாதுங்க. பெரியவன ப்ளே ஸ்கூல்ல விடறது, கூட்டிட்டு வர்றது எல்லாம் நான்தான். சின்னவ என்கிட்டதான் தூங்குறா. ரெண்டு மாசத்துல லீவு விடுவாங்க, அப்ப வர்றேன். வந்து ஒரு மாசம் இருந்துட்டுப் போறேன்."

இருந்துட்டுப் போறேன். உறவுக்காரர்கள் வாசலில் நின்று சொல்கிற வார்த்தை. அவள் அதை நினைத்துச் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரியும், அதனாலேயே அதிகமாக வலித்தது. எங்கே போவது என்பது அவள் மனசில் எப்போதோ முடிவாகிவிட்டது. இருந்தாலும் அந்த ஒரு மாதம் வடுவுக்காகக் கிடைத்ததில்லை, அவர் வாய்விட்டுக் கேட்டதற்காகக் கிடைத்தது. அது அவ்வளவுதான், ஆனால் அது அவருடையது.

"சரி," என்றார். "ஒரு மாசம்னாலும் வா."

"கண்டிப்பா வர்றேன். வேளாவேளைக்குச் சாப்பிடுங்க." கொஞ்சம் தயங்கினாள். "வேற என்ன?"

மூன்று வருஷமாக ஒவ்வொரு போனும் இந்தக் கேள்வியில்தான் முடிந்திருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை என்பார், வைத்துவிடுவார்கள்.

"வேற ஒண்ணு இருக்கு," என்றார் அவர். "கொஞ்சம் உக்காந்துக்கோ."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, சமையலறைத் தரையில் படுத்துக்கிடந்த நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.